தராசு அண்ணியின் பதினேழாம் நம்பர் முத்திரை

எங்கள் அண்ணிக்கு ஆடுகிற எதுவும் பிடிக்காது. ஆடுகிற நாற்காலி, ஆடுகிற மேஜை, காலை ஆட்டிக்கொண்டே சாப்பிடுகிற ஆள், எல்லாம் அவருக்கு ஒரே கணக்கு. அண்ணனைக் கல்யாணம் பண்ணிக்கொண்டு எங்கள் வீட்டுக்கு வந்த மறுநாளே ஸ்டூல் போட்டு ஏறி, கூடத்து மின்விசிறியின் ஒரு இறக்கையில் சில்லறைக் காசு ஒன்றை டேப் வைத்து ஒட்டினார். எட்டு வருஷமாகக் கடகடவென்று கத்திக்கொண்டிருந்த விசிறி அன்றைக்குத்தான் வாயை மூடியது.

"வந்ததும் வராததுமா ஒரு வாயை அடைச்சாச்சு. அடுத்தது உன் வாய்தான்" என்று அண்ணன் என்னைப் பார்த்துச் சிரித்தான். அது மட்டும் இன்றுவரை நடக்கவில்லை. நடந்திருந்தால் இந்தக் கதையே இல்லை.

அண்ணிக்கு இப்போது நாற்பத்தாறு வயது. குட்டி ஜெட் விமானங்களுக்கு இன்ஜின் செய்கிற தொழிற்சாலையில் வேலை. எனக்கும் அங்கேதான். ஆறேழு பேர் மட்டும் ஏறிப் போவார்களே, கம்பெனி முதலாளிகள், அவசரத்தில் இருக்கிற டாக்டர்கள், அந்த மாதிரி விமானம். அதன் வாலோரம் பக்கத்துக்கு ஒன்றாக இரண்டு இன்ஜின் இருக்கும். பெரிய விமானத்தின் இன்ஜினுக்குள் ஆளே நின்று போட்டோ எடுத்துக்கொள்ளலாம். எங்களுடையது என் இடுப்பு உயரம்கூட வராது. ஆனால் அதை ஓடும்போது பார்க்க வேண்டும். முன்னால் இருக்கிற விசிறி நிமிடத்துக்குப் பதினெட்டாயிரம் சுற்று சுற்றும். இழுக்கிற காற்றில் கொஞ்சம் உள்ளே போய் எரியும், மிச்சமெல்லாம் சுற்றிவளைத்துப் பின்னால் பாயும். டர்போஃபேன் என்பது அவ்வளவுதான் என்று நான் எல்லாரிடமும் சொல்வேன். டிசைன்காரர்கள் கேட்டால் என்னை அடிக்க வருவார்கள்.

அந்த விசிறியில் இருபது பிளேடு. ஒவ்வொன்றையும் எடை பார்த்து, எதற்கு எதிரே எது என்று ஜோடி சேர்த்து அடுக்குவதுதான் அண்ணியின் வேலை. ஒரு பக்கம் ஓர் அரிசி எடை கூடினாலும் போச்சு, அந்த வேகத்தில் இன்ஜின் முழுக்க உதறும். அதனால்தான் தொழிற்சாலையில் அவருக்குத் தராசு என்று பெயர். முகத்துக்கு நேரேயே அப்படிக் கூப்பிடுவார்கள், அவரும் "ஏன்?" என்று திரும்பிப் பார்ப்பார்.

அதற்கு முன்னால் ஒரு மாத்திரைக் கம்பெனியில் எடை பார்த்துக்கொண்டிருந்தார். இங்கே நேர்முகத் தேர்வுக்கு வந்தபோது இருபது பிளேடைக் கொடுத்து எடை வரிசையில் அடுக்கச் சொன்னார்களாம். அண்ணி பிளேடைத் தொடவே இல்லை. தராசையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றாராம். பிறகு, "இந்த ஏசியை நிறுத்துங்க. காத்து தட்டு மேல படுது. நீங்க இதுவரைக்கும் எடை போட்டதெல்லாம் தப்பு" என்றாராம். வேலை கேட்டு வந்த இடத்தில் பேசுகிற பேச்சா இது? வேலை கிடைத்துவிட்டது.

அது நடந்து பதினைந்து வருஷம் ஆகிறது. அண்ணி அதுவரை விமானத்தில் ஏறியதில்லை, இன்னும் ஏறியதில்லை. ஆனால் தலைக்கு மேலே ஒரு குட்டி ஜெட் போனால் போதும், நடுத்தெருவில் நின்றுவிடுவார். "நம்மளுது" என்பார். எப்படித் தெரியும் என்று கேட்டால், "சத்தத்துல ஒரு பிசிறு இருக்கா பாரு" என்பார். எனக்கு எல்லாம் ஒரே சத்தம்தான்.

இனி முத்திரையைப் பற்றிச் சொல்ல வேண்டும். எங்கள் தொழிற்சாலையில் இன்ஜினைத் தொட்டு வேலை செய்கிற ஒவ்வொருவருக்கும் ஒரு சின்ன ரப்பர் முத்திரை உண்டு. அதில் பெயர் இருக்காது, நம்பர் மட்டும்தான். அண்ணியுடையது பதினேழு. வேலையை முடித்துத் தாளில் அதைக் குத்தினால், இந்தத் தாளில் இருக்கிறபடியே செய்தேன் என்று சத்தியம் செய்த மாதிரி. அதற்கு மேல் பேச்சே கிடையாது. வேலையில் ஒருவர் மேல் சந்தேகம் வந்தால் சம்பளத்தைத் தொட மாட்டார்கள், திட்டவும் மாட்டார்கள், முத்திரையைத் திருப்பிக் கேட்பார்கள். அப்புறம் அந்த ஆள் இன்ஜின் பக்கம் போக முடியாது. ஸ்டோரில் பெட்டி எண்ணிக்கொண்டு உட்கார வேண்டியதுதான். ஒரு தடவை ஒரு வெல்டர் முத்திரையை மேஜை மேல் வைத்துவிட்டுப் போனதை நான் பார்த்திருக்கிறேன். அந்த மனுஷன் ஒரு வாரம் யார் முகத்தையும் பார்க்கவில்லை.

நான் இருப்பது பதிவேட்டுப் பிரிவில். இன்ஜினோடு சேர்ந்து பயணம் போகிற தாள்களெல்லாம் என் கையால் ஆனவை. வரைகிற கோடு கோடாக இருக்கும், எழுத்து முத்தாக இருக்கும். தற்பெருமை இல்லை, உண்மையைச் சொல்கிறேன். நாத்தனாரான எனக்கு அண்ணி வைத்த பெயர் கையெழுத்து.

அந்த வருஷம் எனக்குப் பிரிவின் பொறுப்பைக் கொடுத்திருந்தார்கள். ஆறு மாதம் சோதனைக் காலம், முடிய ஒரு வாரம் இருந்தது. அந்தச் சமயத்தில்தான் டிசைன் பிரிவிலிருந்து சுற்றறிக்கை வந்தது. வரைபடங்களில் இன்ஜினைப் பின்னால் நின்று பார்க்கிற மாதிரி வரைகிறார்களாம். படிவங்களிலும் எல்லாப் படமும் இனிமேல் அப்படியே இருக்க வேண்டுமாம். நான் பழைய படிவங்களை எல்லாம் கிழித்துப்போட்டு ஒரே மூச்சில் புதிதாகப் போட்டேன். விசிறிப் படிவத்தில் ஒரு வட்டம் இருக்கும். அதையும் திருப்பிப் போட்டேன். பழைய வட்டத்துக்கு அடியில் 'முன்னால் நின்று பார்க்கும் தோற்றம்' என்று ஒரு வரி இருந்தது. அதை 'பின்னால்' என்று மாற்றி எழுதிப் பார்த்தேன். வட்டத்துக்குக் கீழே அது தொங்குகிற மாதிரி இருந்தது. பக்கத்தின் அழகே கெட்டது. எடுத்துவிட்டேன்.

அண்ணி அந்தப் படிவத்தைப் பார்த்ததும், "எங்க நின்னு பார்க்கணும்னு ஒரு வரி இருந்துச்சே, காணோமே?" என்று கேட்டார்.

"பதினாலு வருஷமா பார்க்கறீங்க அண்ணி, எங்க நிக்கணும்னு இன்னுமா தெரியல?" என்றேன் நான்.

என் வாயை இரண்டு கையாலும் பொத்த வேண்டும். அண்ணி சிரித்துக்கொண்டு போய்விட்டார்.

அந்தப் படிவத்தோடு சோதனைக்குப் போன முதல் இன்ஜின் சாதாரண இன்ஜின் இல்லை. புதிதாக வந்த ஒரு விமானக் கம்பெனிக்குப் போகிற முதல் இன்ஜின். வாங்குகிறவர்கள் பக்கத்திலிருந்து ஒரு பெண் இன்ஸ்பெக்டர் நேரிலேயே வந்துவிட்டார். காலையிலிருந்து தொழிற்சாலையே கல்யாண வீடு மாதிரி பரபரத்தது. மேனேஜர் மூன்று தடவை தலை சீவினார். நான்கூட என் நல்ல பேனாவை எடுத்துக்கொண்டு போயிருந்தேன்.

சோதனை அறை என்பது தடித்த சுவரும் தடித்த கதவும் உள்ள பெரிய அறை. நடுவில் இன்ஜினைக் கட்டிவைத்து ஓட்டுவார்கள். பக்கத்து அறையில் கண்ணாடிக்கு இந்தப் பக்கம் ஆபரேட்டர் உட்கார்ந்திருப்பார். சாப்பிடும்போதும் ஹெட்போனைக் கழுத்திலிருந்து கழற்ற மாட்டார் என்பதால் அவர் பெயரே ஹெட்போன். காலை ஒன்பதரைக்கு அவர் இன்ஜினைக் கிளப்பினார். முதலில் ஒரு சீழ்க்கை, அப்புறம் ஒரு மூச்சு, அப்புறம் கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நிற்கிற எங்கள் நெஞ்சுக்குள்ளேயே ஓடுகிற மாதிரி ஒரு கர்ஜனை. எத்தனை தடவை பார்த்தாலும் எனக்கு மயிர்க்கூச்செறியும். அன்றைக்கும் அப்படித்தான்.

அதிர்வு மீட்டர் 0.62 காட்டியது. அரைக்கு மேல் போகக் கூடாது என்பது கணக்கு.

இதில் பதற ஒன்றும் இல்லை. புது இன்ஜின் கொஞ்சம் ஆடுவது வழக்கம்தான். விசிறியின் நடுவில் மூக்கு மாதிரி ஒரு கூம்பு இருக்கிறது, அதன் விளிம்பைச் சுற்றி இருபத்து நான்கு துளை. எந்தத் துளையில் எவ்வளவு எடையுள்ள திருகை வைத்தால் ஆட்டம் அடங்கும் என்று கம்ப்யூட்டர் சொல்லும். ஹெட்போன் அதைப் படிவத்து வட்டத்தில் புள்ளி வைத்துக் கொடுப்பார். துளைகளுக்கு நம்பர் கிடையாது. உச்சியில் ஒரு சிவப்புப் பொட்டு இருக்கும், அங்கிருந்து எண்ணிக்கொண்டு போக வேண்டும். வலப்பக்கம் ஐந்தாவது துளை என்று வந்தது. அண்ணி உள்ளே போய் விசிறிக்கு முன்னால் நின்று, வலப்பக்கம் ஐந்து எண்ணி, திருகை வைத்து, முத்திரை குத்திவிட்டு வந்தார்.

0.81.

"என்னது, ஏறுது?" என்றார் மேனேஜர்.

மறுபடி கணக்கு, வேறொரு துளை, இன்னும் கனமான திருகு. 0.97. இன்ஸ்பெக்டர் குறிப்பேட்டில் ஏதோ எழுதினார். அவர் எழுதுவதைப் பார்த்து மேனேஜருக்கு வியர்த்தது.

மூன்று தடவைக்கு மேல் திருத்தக் கூடாது என்பது விதி. மூன்றிலும் அடங்காவிட்டால் இன்ஜினைக் கழற்றிப் பிரித்துப்போட்டு முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டும். விசிறி அடுக்கிய ஆளின் முத்திரை அன்றைக்கே மேனேஜர் மேஜைக்குப் போகும். இரண்டு தடவை போய்விட்டது. வைத்த திருகுகளை எல்லாம் எடுக்கச் சொல்லி வெறுமனே ஒரு தடவை ஓட்டிப் பார்த்தார்கள். பழையபடி 0.62, பழையபடி ஐந்தாவது துளை.

"அப்ப கணக்கு சரி. முதல் தடவை நீங்கதான் தப்பா எண்ணியிருக்கீங்க" என்றார் மேனேஜர். "இந்தத் தடவையாவது ஒழுங்கா எண்ணுங்கம்மா. சாப்பிட்டுட்டு வந்து கடைசியா ஒரு தடவை பார்ப்போம்."

ஐந்து வரை எண்ணத் தெரியவில்லை என்று அண்ணியை ஒருவர் சொல்வதா? எனக்கு வந்த கோபத்துக்கு அந்தத் தடித்த கதவையே பெயர்த்திருப்பேன். அண்ணியோ படிவத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு என்னை ஒரு பார்வை பார்த்தார். பாவம், பயந்துபோயிருக்கிறார் என்று நினைத்துக்கொண்டேன். என் புத்தியை என்ன சொல்ல!

மதியம் எனக்குச் சோறு இறங்கவில்லை. மேஜையில் உட்கார்ந்து அன்றைய படிவங்களுக்கு நான் கையால் போட்ட நகல்களை அடுக்கிக்கொண்டிருந்தேன். ஒரு தாள் குப்புற விழுந்தது. நான் பட்டையாக மை தீட்டுகிற ஆள் என்பதால் வட்டம் பின்பக்கம் அப்படியே ஊறித் தெரிந்தது. எடுக்கப் போன கை நின்றுவிட்டது. ஐந்தாவது துளையின் புள்ளி இடப்பக்கம் இருந்தது.

தாளைத் திருப்பினேன், வலம். குப்புறப் போட்டேன், இடம். ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து இரண்டு பக்கமும் மாறி மாறிப் பார்த்தேன். பின்னால் நின்று பார்த்தால் வலப்பக்கம். அண்ணியோ பதினான்கு வருஷமாக முன்னால் நின்று வேலை செய்கிறவர். முன்னால் நிற்கிறவருக்கு அதே துளை இடப்பக்கம் அல்லவா இருக்கும்! வட்டத்தைத் திருப்பியது நான். எங்கே நின்று பார்க்க வேண்டும் என்ற வரியைத் தூக்கி எறிந்தது நான். அழகு கெடுகிறதாம், அழகு!

ஓடினேன். தொழிற்சாலைக்குள் ஓடக் கூடாது என்று சுவர் முழுக்க எழுதியிருக்கிறது, பாதி நான் எழுதியது. இன்ஜின் கோக்கிற கூடத்தில் இரண்டு பேர் "என்னம்மா, என்னம்மா?" என்று கேட்டபடியே வழிவிட்டார்கள். செருப்பு ஒன்று எங்கோ கழன்றுகொண்டது. திரும்பிப் பார்க்கவில்லை. சோதனை அறைக் கதவு இன்னும் மூடப்படவில்லை. உள்ளே அண்ணி மட்டும் இன்ஜினுக்கு முன்னால் நின்றிருந்தார், கையில் முத்திரை.

"அண்ணி! வலப்பக்கம் இல்ல! இடப்பக்கம்! என் படம் தப்பு, நான்தான் திருப்பிப் போட்டேன், எங்க நின்னு பார்க்கணும்னு இருந்த வரியையும் நான்தான் எடுத்தேன், நீங்க கேட்டப்பகூட திமிரா பதில் சொன்னேன், எல்லாம் என் தப்பு அண்ணி!"

அண்ணி கண்ணை உருட்டினார். உதட்டில் விரல் வைத்தார். தலையால் மேலே காட்டினார். எனக்கு ஒன்றும் விளங்கவில்லை.

"ஏன் பேசாம நிக்கறீங்க? சீக்கிரம் மாத்துங்க!"

"வாயை மூடுடி" என்று பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னார். "மைக் ஆன்ல இருக்கு."

கண்ணாடிப் பக்கம் திரும்பினேன். ஹெட்போன், மேனேஜர், இன்ஸ்பெக்டர் மூன்று பேரும் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஒரு வார்த்தை விடாமல் கேட்டிருக்கிறார்கள்.

அப்புறம்தான் கூம்பைப் பார்த்தேன். திருகு ஏற்கெனவே இடப்பக்கம் ஐந்தாவது துளையில் இருந்தது.

"தெரியுமா உங்களுக்கு?"

"ரெண்டாவது தடவை ஏறினப்பவே தெரியும். ரெண்டு தடவையும் எதிர்ப்பக்கமா ஏறுச்சே. உனக்கு இன்னும் ஒரு வாரம்தானே இருக்கு? சத்தமில்லாம முடிச்சுட்டு, வீட்டுக்குப் போய் உன் காதைத் திருகலாம்னு இருந்தேன். கெடுத்தியே!"

"அப்ப ஏன் இன்னும் முத்திரை குத்தாம நிக்கறீங்க?"

அண்ணி தள்ளுவண்டி மேல் இருந்த படிவத்தைப் பார்த்தார். அதில் புள்ளி வலப்பக்கம். திருகு இடப்பக்கம். இந்தத் தாளில் இருக்கிறபடியே செய்தேன் என்று அதில் அவர் சத்தியம் செய்ய வேண்டும்.

"குத்த முடியலடி" என்றார். குரல் கம்மிவிட்டது. "பத்து நிமிஷமா நிக்கறேன். உன் வேலைக்காகக்கூட கை வரல. நான் என்ன மனுஷி!"

எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. என் நல்ல பேனாவை எடுத்தேன். வலப்பக்கத்துப் புள்ளியைக் குறுக்கே அடித்தேன். வட்டத்துக்கு அடியில் 'படம் பின்னால் நின்று பார்ப்பது. முன்னால் நிற்பவருக்கு இடப்பக்கம் ஐந்தாவது துளை. பிழை படிவத்தில்' என்று எழுதி என் கையெழுத்தைப் போட்டேன். வாழ்க்கையிலேயே நான் கோணலாக எழுதிய ஒரே வரி அதுதான்.

ஹெட்போன் மைக்கில் கனைத்தார். "இங்க கம்ப்யூட்டரும் பின்னாடி நின்னுதான் எண்ணுது. சுற்றறிக்கை வந்ததுலேர்ந்து நானும் அப்படியேதான் புள்ளி வைக்கறேன். இவங்க சொல்றது சரி."

இன்ஸ்பெக்டர் தானே உள்ளே வந்தார். தாளைப் படித்தார். இன்ஜினுக்கு முன்னால் நின்று எண்ணினார், பின்னால் போய் நின்று எண்ணினார். அண்ணியைப் பார்த்துத் தலையசைத்தார். அண்ணி முத்திரையைக் குத்தினார். டப்பென்று கேட்டது.

தடித்த கதவு மூடியது. நாங்கள் கண்ணாடிக்கு இந்தப் பக்கம் வந்தோம். அண்ணி என் கையைப் பிடித்துக்கொண்டார். அவர் கை ஐஸ் மாதிரி இருந்தது, என் கை அதைவிட. சீழ்க்கை. மூச்சு. கர்ஜனை. ஹெட்போன் கைப்பிடியை முன்னால் தள்ளத் தள்ள வேகம் ஏறியது. பத்தாயிரம். பதினாலாயிரம். நான் கண்ணை மூடிக்கொண்டேன். கண்ணை மூடியதும் ஒன்று தெரிந்தது. காலையில் காலுக்கடியில் தரை அதிர்ந்துகொண்டே இருந்தது. இப்போது இல்லை.

"பதினெட்டாயிரம்" என்றார் ஹெட்போன். "அதிர்வு..." என்று இழுத்தார். கழுத்திலிருந்து ஹெட்போனைக் கழற்றி மேஜையில் வைத்தார். அதை அவர் கழற்றி நாங்கள் யாரும் பார்த்ததில்லை. "பூஜ்யம் புள்ளி பூஜ்யம் ஏழு! இந்த ரூம்ல இவ்வளவு கம்மியா வந்ததே இல்ல!"

கத்தினோம். நான் கத்தினேன், ஹெட்போன் கத்தினார், மேனேஜர் சீவிய தலையை இரண்டு கையாலும் கலைத்துக்கொண்டு குதித்தார். அந்த இன்ஸ்பெக்டர்கூட குறிப்பேட்டால் கண்ணாடியைத் தட்டினார். அண்ணி மட்டும் கத்தவில்லை. கண்ணாடியில் நெற்றியை வைத்து, ஓடுகிற விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தார். "பிசிறே இல்ல பாரு" என்றார். "கேட்டியா? பிசிறே இல்ல."

கேட்டேன். முதல் தடவையாக எனக்கும் கேட்டது.

சாயங்காலம் மேனேஜர் என்னைக் கூப்பிட்டு ஓர் எச்சரிக்கைக் கடிதம் கொடுத்தார். சோதனைக் காலம் இன்னும் ஆறு மாதம் நீண்டது. நியாயம்தான். கடிதத்தில் இரண்டு இடத்தில் வரி கோணியிருந்ததைச் சுட்டிக்காட்டலாமா என்று யோசித்தேன், அன்றைக்கு வேண்டாம் என்று விட்டுவிட்டேன். வீட்டில் அண்ணன் கதையைக் கேட்டு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். "மைக் ஆன்ல இருக்கறது தெரியாமலா?" என்று ஒரு மணி நேரத்துக்கு நாலு தடவை கேட்டான். அண்ணி சொன்னபடியே என் காதைத் திருகினார். வலது காது, அழுத்தமாக.

மறுநாள் காலை புதுப் படிவம் போட்டேன். எந்தப் படிவத்துக்கும் அதைப் பயன்படுத்துகிற ஒருவர் சரிபார்த்து முத்திரை வைக்க வேண்டும் என்று இன்ஸ்பெக்டர் போகும்போது ஒரு விதி சொல்லிவிட்டுப் போயிருந்தார். நேராக அண்ணியிடம் கொண்டுபோனேன். அவர் தாளை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தார். திருப்பினார். எழுந்து விசிறிக்கு முன்னால் போய் நின்று பார்த்தார், பின்னால் போய் நின்று பார்த்தார். முத்திரையை எடுத்தவர் அப்படியே நிறுத்தினார்.

"எங்க நின்னு பார்க்கணும்கற வரி பொடிசா இருக்கு. பெருசா எழுது."

"அழகு கெட்டுடும் அண்ணி."

"கெடட்டும்" என்றார்.

பெரிதாக எழுதினேன். அண்ணி பதினேழாம் நம்பரைக் குத்தினார்.